அளவு இடத்துக்கேற்ப மாறும்

மாஸ்டரின் மனைவி இறந்துபோனதைக் கலைக்கூடத்தைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி அன்றைக்கே ஒப்புக்கொண்டது. பேங்க் கொஞ்சம் அலையவிட்டு ஒப்புக்கொண்டது. அவள் பெயரில் இருந்த செல்போன் இணைப்பைத் துண்டிக்க அவளே நேரில் வரவேண்டும் என்று அடம்பிடித்த கம்பெனிகூட, மாஸ்டர் கவுண்டரில் நின்றபடியே கண் கலங்கியதும் இறங்கி வந்தது. கலைக்கூடம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் கூப்பிட்ட பெயர் அது. நாளடைவில் சொந்தக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கிளட்சை மெதுவாக விடுங்கள், பதறாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே வாழ்க்கையை ஓட்டிவிட்டவர். மனைவி கலைஞர். ஆனால் தனியாக ஒன்றும் செய்யமாட்டாள். எதுவானாலும் கல்லூரித் தோழி ஒருத்தியோடு சேர்ந்துதான். தோழி கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். இவள் அவள் தோளுக்குக் கீழே நிற்பாள். நெட்டை, குட்டை என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்துக் கல்லூரி கேன்டீன்காரர், "ஒன்றரை வருது, ரெண்டு டீ போடு" என்றாராம். அதையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒரு விமர்சகர், ஒன்றரை என்ற பெயர் முழுமை என்னும் கருத்தாக்கத்தின் மீது தொடுக்கப்பட்ட போர் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை மாஸ்டர் பார்த்திருக்கிறார்.

அவர்கள் செய்தது எதுவும் அவருக்குப் புரிந்ததில்லை. ஓட்டை வாளியில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவர, இன்னொருத்தி பின்னாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு வருவாள். நாள் முழுக்க அதுதான் காட்சி. ஏணி, வாளி, கயிறு என்று சாமான்களைக் காரில் ஏற்றிப்போய் இறக்குவது மாஸ்டரின் பங்கு. "புரியலன்னா பரவாயில்லங்க. பள்ளத்துல விடாம ஓட்டுங்க, அது போதும்" என்பாள் மனைவி.

ஒன்றே ஒன்று மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு பிரம்பு நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கூடத்தின் நடுவே எதிரெதிராகப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை பேசுவார்கள். எழுதி வைத்த பேச்சு அல்ல, வாய்க்கு வந்த பேச்சு. ஆரஞ்சு உரிப்பார்கள். பழைய சண்டையைக் கிளறுவார்கள். சுற்றி நிற்கிற ஜனம் சிரிக்கும், சில சமயம் ஒருவர் இருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சாயந்திரம் கூட்டிக்கொண்டு போக வரும் மாஸ்டர், தூண் மறைவில் நின்று கேட்பார். ஒருநாள் அவருடைய குறட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. காதெல்லாம் சிவந்து காருக்கு ஓடிவிட்டார். வீட்டில் தன்னோடு இத்தனை பேசாத ஒரு மனைவி அந்த நாற்காலியில் இருந்தாள் என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. நெட்டையோடு அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நெட்டையும் அவரை ஒரு நல்ல டிரைவராக மட்டும்தான் மதித்தாள்.

வருஷங்கள் கழித்து, நகரத்தின் பெரிய கலைக்கூடம் அதே காட்சியை மறுபடி செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. அதற்குப் பிறகுதான் மனைவிக்கு நோய் என்று தெரிந்தது. வந்த நோய் மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. அவள் கடைசி நாளில் நெட்டை வேறொரு ஊரில், இதே கலைக்கூடத்தின் கிளையில் ஒரு விழாவில் இருந்தாள். மாஸ்டர் போன் மேல் போன் போட்டார். எடுக்கவில்லை. கலைக்கூடத்தின் ஆபீசுக்கும் போன் செய்து சொன்னார். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு நெட்டை வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் "வாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் கலைக்கூடத்தின் வேன் வந்து இரண்டு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போனது. மாஸ்டர் கலைக்கூடத்தின் இயக்குநருக்குப் போன் செய்து, "அவதான் போயிட்டாளே சார், இன்னும் எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒப்பந்தம் ஒன்றரையோட சார்" என்றார் இயக்குநர் கனிவாக. "ஒன்றரைக்கு ஒண்ணும் ஆகலையே."

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் ஒரு பெண் அவர் யார் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தேடி, சட்டையில் ஓர் அட்டையைக் குத்திவிட்டாள். 'உறவுவழிப் பார்வையாளர்' என்று அதில் எழுதியிருந்தது.

பெரிய வெள்ளைக் கூடம். நடுவில் அவர் வீட்டு நாற்காலிகள், சுற்றிலும் கயிறு. ஒன்றில் நெட்டை கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலி காலி. அதன் முதுகில், மனைவி ஈரத்துண்டைப் போட்டுப் போட்டுப் பிரம்பு வெளுத்துப்போன இடம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது: 'ஒன்றரை. பெண், இரண்டு நாற்காலிகள், இன்மை. அளவு இடத்துக்கேற்ப மாறும்.'

மாஸ்டர் கடைசி வரியை மறுபடி படித்தார். மனைவி, மேல் அலமாரியில் டப்பா எடுக்க முக்காலி தேடுகிறவள். அவளுடைய அளவு எந்த இடத்திலும் மாறி அவர் பார்த்ததில்லை.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பேசும் பழக்கம்.

"நண்பர்களே, இந்தப் படைப்பைப் பற்றி வெளியே ஒரு வதந்தி உலவுகிறது. யாரோ இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கலைக்கூடம் வதந்திகளுக்குப் பதில் சொல்வதில்லை. இறப்பு என்பது வெறும் சொந்த வாழ்க்கைத் தகவல். அதைத் தெரிந்துகொண்டால் பார்வையாளருக்கு வருத்தம் வந்துவிடும். வருத்தம் வந்தால் சிந்தனை கெட்டுவிடும். முன்பு இவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சு கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் குறை நீங்கியிருக்கிறது. ஒன்றரை இன்று தன் உச்சத்தில் இருக்கிறது."

கைதட்டல் கூரையைத் தொட்டது. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் மாஸ்டரிடம் குனிந்து, "நீங்க இதை எப்படி உள்வாங்குறீங்க?" என்றார்.

"என் சம்சாரம் சார்" என்றார் மாஸ்டர், காலி நாற்காலியைக் காட்டி.

"ஆமா, ஆமா" என்று கண்ணாடிக்காரர் தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அதுதான் இதோட பலம்."

மாஸ்டர் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி இல்லாமல் மொட்டையாக நின்ற வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை வகுப்பு முடிந்ததும் கலைக்கூடத்துக்குப் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூடத்துக் காவலாளி, சட்டையின் அட்டையைப் பார்த்ததும் தூணோரம் இடம் விடுவார். நெட்டை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள். பேசக்கூடாது, அசையக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு. மனைவியின் கடைசி நாளில் இவள் வராததை நினைக்க நினைக்க மாஸ்டருக்கு நெஞ்சு எரியும். இங்கே மட்டும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறாள் பார் என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

ஒருநாள் கூட்ட நெரிசலில் ஓர் அம்மாள் கயிற்றைத் தாண்டிக் கை நீட்டித் தன் கைப்பையைக் காலி நாற்காலியில் வைத்துவிட்டாள். கூடமே பதறியது. மணி அடித்தது, ஜனத்தை வெளியே தள்ளினார்கள். உறவுவழிப் பார்வையாளர் என்பதால் மாஸ்டரை மட்டும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டார்கள். பழைய ஓவியங்களுக்கு மருத்துவம் பார்க்கும் நிபுணர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். நாற்காலியை அவர் தொடவே இல்லை. அதற்கு மேலிருந்த வெற்றிடத்தை டார்ச் அடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாற்காலிக்கு ஒண்ணுமில்ல" என்றார் முடிவில். "இன்மைலதான் மேல்பக்கம் லேசா ஒரு கலக்கம். கொஞ்ச நாள் பக்கத்துல யாரும் பெருமூச்சு விடாம பாத்துக்கிட்டா தானா ஆறிடும்."

மறுநாள் கயிறு இன்னும் ஓரடி பின்னால் போயிருந்தது. பெருமூச்சு விடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குத்தான் அது அடிக்கடி வந்தது.

பிறகு ஒருநாள் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல சேதி சார். ஒரு பெரிய மனுஷர் இந்தப் படைப்ப வாங்க வர்றாரு. ஒரே ஒரு சிக்கல். அங்க இல்லாதது உங்க மனைவிதான்னு அவருக்கு ஆதாரம் வேணுமாம்."

"புரியல சார்."

"யோசிச்சுப் பாருங்க. அந்த நாற்காலில எத்தனையோ பேர் இல்ல. நீங்க இல்ல, நான் இல்ல. வாங்குறவருக்கு அசல் வேணுமா இல்லையா?"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறப்புச் சான்றிதழ்தான் இருக்கு" என்றார்.

"அதேதான்!" இயக்குநர் எழுந்தே விட்டார். "அதைக் கொடுங்க. அந்த 'இறப்பு'ங்கற வார்த்தைய மட்டும் நாங்க கொஞ்சம் மறைச்சுக்கறோம்."

"அப்போ அவ போயிட்டான்னு நீங்க ஒத்துக்கறீங்களா?"

"ஆபீசுல ஒத்துக்கறோம் சார். கூடத்துல ஒத்துக்க முடியாது." இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "இன்னொரு விஷயம். எங்க வேற கிளைகள்லயும் இதைக் கேக்கறாங்க. அம்மா விஷயத்துல ஒரு தொல்லையும் இல்ல. ஒரே நேரத்துல எத்தனை ஊர்ல வேணாலும் அவங்க இல்லாம இருப்பாங்க. அருமையா ஒத்துழைக்கறாங்க. உசுரோட இருக்கறவங்களாலதான் எப்பவும் பிரச்சினை. நெட்டையம்மாவுக்கு முதுகு வலிக்குதாம். தண்ணி கேக்கறாங்க. நடுநடுவுல கண்ணு வேற கலங்குது. அழக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அழுதா படைப்பு விளங்கிடும் சார். விளக்கறது எங்க வேலை."

மாஸ்டர் அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. கால் தானாகக் கூடத்துக்குப் போனது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலியை விட்டுவிட்டு நெட்டையைப் பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. மடியில் கோத்திருந்த விரல்கள், நகக்கண் வெளுக்க ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. எதிர் நாற்காலியைப் பார்க்கும்படி உட்கார வைத்திருந்தார்களே தவிர, அவள் பார்வை அதன் காலடித் தரையைத் தாண்டவே இல்லை.

அவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு முனகியது.

மணி அடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க ஏன் வரல?" என்றார் மாஸ்டர்.

நெட்டை நிமிர்ந்தாள்.

"போன் பண்ணேன். விடாம பண்ணேன். நெட்டை வந்துட்டாளா, நெட்டை வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துட்டே இருக்காங்கன்னு நானும் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. ஏன் வரல?"

நெட்டையின் உதடு அசைந்தது. நாள்கணக்கில் பேசாத தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது.

"போன வாங்கி வச்சுக்கிட்டாங்க மாஸ்டர். விழா நடக்கற எடத்துல எல்லார் போனையும் வாங்கிடுவாங்க. நீங்க ஆபீசுக்கும் சொல்லியிருக்கீங்க. காலையிலயே சொல்லியிருக்கீங்க. இவருக்குத் தெரியும்." அவள் கை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த இயக்குநரை நோக்கி நீண்டது. "விழா முடிஞ்சு, பேச்செல்லாம் முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு சொன்னாரு. அப்புறம் எந்த வண்டியப் புடிச்சு நான் வர்றது?"

இயக்குநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிகழ்ச்சியோட ஒருமை குலைஞ்சுடக்கூடாதுன்னுதான். உங்களுக்காகத்தான் செஞ்சோம். விமர்சனமெல்லாம் எவ்வளவு நல்லா வந்தது, மறந்துட்டீங்களா?"

மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்கிட்ட ஏன் இதைச் சொல்லல?" என்றார் நெட்டையிடம்.

"நீங்க 'வாங்க'ன்னு மட்டும் சொன்னீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு நான் என்னத்தச் சொல்றது?" அவள் குரல் உடைந்தது. "சொல்லிட்டா மட்டும்? நான் வரலதானே. அப்புறம் இங்க கொண்டாந்து உக்கார வச்சாங்க. அவ எதிர்ல இருக்கறா மாதிரி உக்காருன்னாங்க. அவ இல்ல மாஸ்டர். செத்துட்டா. ஒருத்தரும் அதைச் சொல்ல விடமாட்டேங்கறாங்க. என் குட்டை செத்துட்டா."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது பரவி, கூடம் முழுக்க அதிர்ந்தது. "பிரமாதம்!" என்றது ஒரு குரல். அதுவே திட்டத்தில் இருந்ததுபோல இயக்குநர் சுதாரித்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணைப் பாதி மூடினார். பிறகு உதட்டோரத்தால் காவலாளியிடம், "அவங்கள எழுப்பு" என்றார்.

காவலாளி வந்தார். குனிந்து, "மெதுவா எழுந்திரிங்கம்மா. அவசரமில்ல" என்றார். கால் மரத்துப்போய் நெட்டையால் நிற்க முடியவில்லை. மாஸ்டர் கை கொடுத்தார். அந்த உயரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நடப்பது லேசான காரியமாக இல்லை. கைதட்டல் வாசல்வரை கூடவே வந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. எப்போதும் பின்சீட்டில் மனைவியோடு உட்காருகிறவள், இன்று எங்கே உட்காருவது என்று தெரியாமல் காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் முன்கதவைத் திறந்துவிட்டார். "கால் படாம பாத்துக்குங்க. இந்தப் பக்கமும் பிரேக் இருக்கு." அவள் நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று புரியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு சீட்டுக்குள் மடங்கி உட்கார்ந்தாள்.

எங்கே போவது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை ரிவர்ஸ் எடுக்கப் பழக்குகிற மைதானத்துக்கு வண்டி தானாகப் போய் நின்றது. வகுப்பு இல்லாத நேரம். கம்புகள் நட்ட வெட்டவெளி. இன்ஜினை நிறுத்தியதும் மாஸ்டரின் போன் அடித்தது. இயக்குநர்.

"சார், வாழ்த்துகள்!" போனுக்கு வெளியேயும் கேட்டது குரல். "ரெண்டு நாற்காலியும் காலி! எங்களுக்கே தோணாத யோசனை. வரிசை இப்பவே வாசலத் தாண்டிடுச்சு. வாங்க வந்தவரு துள்ளிக் குதிக்கிறாரு. ஒரு சின்ன உதவிதான். அங்க இல்லாத ரெண்டாவது ஆளு நெட்டையம்மாதான்னு அவங்க கைப்பட ஒரு வரி எழுதிக்..."

நெட்டை கை நீட்டிப் போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். அணைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே கவிழ்த்து வைத்தாள்.

மைதானத்தில் காற்று புழுதியை எழுப்பிவிட்டு அடங்கியது.

"எப்படிப் போனா?" என்றாள்.

அதுவரை மாஸ்டரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்டார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார், இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது, துடைத்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் மூச்சு மாறியது. கை சில்லிட்டுப்போனது, தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வலி இல்லை என்று நர்ஸ் சொன்னாள், உண்மையா பொய்யா தெரியவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள், அவ்வளவுதான்.

"என்ன சொன்னா?"

மாஸ்டர் தயங்கினார். "பெரிசா ஒண்ணுமில்லங்க."

"சொல்லுங்க மாஸ்டர்."

"'ஃபேனக் கொஞ்சம் கொறைங்க'ன்னா."

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று நெட்டை காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அது சிரிப்புத்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, ஐயோ குட்டை, ஐயோ குட்டை என்று சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று பக்கத்தில் இருந்த மாஸ்டருக்கும் தெரியவில்லை. அதற்குள் அவருக்கும் கண் மறைத்துவிட்டது. அடக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இருவரும் அடக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கொறைச்சீங்களா?"

"கொறைச்சேன்" என்றார் மாஸ்டர்.